வீட்டைச் சுற்றியுள்ள மின்காந்த இரைச்சலை அளப்பது எப்படி? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தொடக்க வழிகாட்டி

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் சாயங்காலம் கைப்பேசியோடு வந்தார். மின்காந்தம் அளக்கும் செயலி என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பேரப்பிள்ளை தூங்கும் கட்டிலின் தலைமாட்டில் வைத்தால் 42 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது. எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)ப் பின்னால் செம்பனைத் தோட்டத்தின் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. "அந்தக் கம்பியாலதான் தம்பி இவ்ளோ வருதா?" என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது.

இருவரும் பள்ளித் திடல் வரை நடந்தோம். கம்பியிலிருந்து அரைக் கிலோமீட்டராவது இருக்கும். அங்கேயும் 42தான். தோட்டத்துப் பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில், பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லாத இடத்தில், அதே 42. அது பூமியின் சொந்தக் காந்தப்புலம். திசைகாட்டிக்காகக் கைப்பேசிக்குள் வைத்திருக்கும் சில்லு அதைத்தான் அளக்கிறது. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது; இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்பார்கள். அவ்வளவு வேகமாக மாறுவதைப் பிடிக்க அந்தச் சில்லும் செயலியும் தோதானவை இல்லை. ஆகவே முதல் வேலை, அந்தச் செயலியை நம்பாமல் இருப்பது.

அக்காவின் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அளக்க வேண்டும், சரியாக அளக்க வேண்டும். அதற்கு நான் கற்றுக்கொண்ட வழியைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன மீட்டர், ஒரு கம்பிச் சுருள், ஒரு மடிக்கணினி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

மீட்டரில் தொடங்குங்கள்

கரண்ட் இருக்கும் இடத்தில் இரண்டு புலங்கள் உண்டு. கம்பியில் மின்னழுத்தம் இருந்தாலே மின்புலம் வந்துவிடும். சுவரும் மரமும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது வருவது, சுவரைத் தாண்டிப் போவது. வீட்டுக்குள் மக்கள் கவலைப்படுவது பெரும்பாலும் இந்தக் காந்தப்புலத்தைப் பற்றித்தான். அதனால் இங்கே அதையே பேசுகிறேன். கம்பிகளும் கருவிகளும் இப்படிச் சுற்றிலும் விடுவதைத்தான் இரைச்சல் என்கிறேன்.

காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் சொல்வார்கள். சில மீட்டர்கள் மில்லிகாஸில் காட்டும். 10 மில்லிகாஸ் என்றால் 1 மைக்ரோடெஸ்லா. வாங்கும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, எத்தனை அச்சு. மூன்று அச்சு மீட்டரை எப்படிப் பிடித்தாலும் ஒரே எண் வரும். ஓர் அச்சு மீட்டர் விலை குறைவு, ஆனால் ஒரே இடத்தில் மூன்று திசையில் திருப்பி அளக்க வேண்டும். 0.2, 0.3, 0.6 என்று வந்தால் ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுங்கள்: 0.04, 0.09, 0.36, மொத்தம் 0.49. அதன் வர்க்கமூலம் 0.7. அதுதான் அந்த இடத்தின் அளவு. இரண்டாவது, எந்த அதிர்வெண் வரை அளக்கும் என்பது. சில நூறு ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் மீட்டருக்கு இண்டக்ஷன் அடுப்பின் இரைச்சல் தெரியவே தெரியாது.

அளக்கும்போது கையை ஆட்டாதீர்கள். பூமியின் காந்தப்புலத்துக்குள் மீட்டரை அசைத்தாலே அது பொய்யாக ஏறி இறங்கும். ஒரு நாற்காலியில் வைத்து, பத்து விநாடி விட்டு, அப்புறம் படியுங்கள்.

இப்போது நான் இந்த வேலையில் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். தனியாக ஓர் எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. அதே இடத்தில், அதே உயரத்தில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி இரண்டாவது முறை அளந்தால், அந்த வித்தியாசம் பேசும். ஏர்கோன் ஓடும்போது ஓர் அளவு, நிறுத்தியதும் ஓர் அளவு. மெயின் சுவிட்சை அடைத்ததும் இன்னோர் அளவு. மெயினை அடைத்த பிறகும் நிற்கிற அளவு வெளியிலிருந்து வருவது: தெருக் கம்பி, பக்கத்து வீடு, டிரான்ஸ்பார்மர். குறைந்து போனது உங்கள் வீட்டினுடையது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அடைக்கும் முன் கணினியையும், வீட்டில் யாராவது மூச்சுக் கருவி பயன்படுத்தினால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தூரமும் ஒரு சோதனைதான். சந்தேகப்படும் பொருளிலிருந்து அரை மீட்டரில் ஒரு முறை, ஒரு மீட்டரில் ஒரு முறை அளந்து பாருங்கள். மோட்டார், டிரான்ஸ்பார்மர், சார்ஜர் போன்ற கட்டியான பொருளாக இருந்தால் தூரம் இரட்டிக்கும்போது அளவு எட்டில் ஒன்றாக விழும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் நான்கில் ஒன்றாகும். பாதியாக மட்டுமே குறைந்தால், எங்கோ ஒரு கம்பியின் மின்னோட்டம் தன் ஜோடிக் கம்பி வழியாகத் திரும்பாமல் வேறு பாதையில் போகிறது என்று அர்த்தம். பழைய வயரிங் உள்ள வீடுகளில் இதைக் கவனித்துப் பாருங்கள். அப்படித் தெரிந்தால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள், நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள்.

சுருள் கட்டுதல்

மீட்டர் எவ்வளவு என்று சொல்லும். என்ன அது என்று சொல்லாது. அதற்குச் சுருள் வேண்டும். மாறும் காந்தப்புலம் சுருளில் சிறு மின்னழுத்தமாகும்; கணினி அதை ஒலிபோல் எடுத்து, அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

71 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மரச்சட்டங்களை எடுத்துச் சிலுவைபோல் நடுவில் திருகுங்கள். நான்கு முனைகளிலும் கம்பி உட்காரச் சிறு வெட்டு போடுங்கள். முனைகளைச் சுற்றிக் கம்பி இழுத்தால் பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சதுரம் கிடைக்கும். இரும்புச் சட்டமோ அலுமினியச் சட்டமோ வேண்டாம். கம்பி, மோட்டார் சுற்றும் கடையில் கிடைக்கும் 0.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பி. 50 சுற்றுக்கு 100 மீட்டர் ஆகும். கடையில் எடை போட்டுத்தான் தருவார்கள். 100 மீட்டர் கிட்டத்தட்ட 110 கிராம், 150 கிராமாகக் கேளுங்கள். சுற்றும்போது எண்ணிக்கை தவறாமல் பத்துப் பத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்கு இதை நம்பித்தான் நிற்கும்.

இரு முனைகளையும் சுரண்டி, மூன்று மீட்டர் மைக்ரோபோன் கேபிளில் பற்ற வைத்து, மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் பிளக் போடுங்கள். அதை யுஎஸ்பி சவுண்ட் கார்டின் மைக் துளையில் செருக வேண்டும். ஒரு விஷயம்: மைக் துளையில் மைக்குக்கென்று சிறிய நேர்மின்னழுத்தம் வரும். சுருள் அதைக் குறுக்கிவிடாமல் இருக்க, வரிசையில் 10 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேருங்கள், அதன் பிளஸ் கால் சவுண்ட் கார்டுப் பக்கம் இருக்கட்டும்.

மின்புலத்தைத் தடுக்க வேண்டுமானால் சுருளின் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிக் கேபிளின் வெளிக்கம்பியோடு சேர்க்கலாம். ஆனால் சுற்றி வந்து தாள் தன்னையே தொடக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். தொட்டால் தாளே ஒரு மூடிய வளையமாகி, நீங்கள் பிடிக்க வந்த காந்தப்புலத்தை விழுங்கிவிடும். நான் முதல் முறை இந்த இடைவெளியை விடாமல் இரண்டு நாள் தேடினேன்.

இந்தச் சுருள் 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோடெஸ்லாவுக்கு ஏறத்தாழ 3.9 மில்லிவோல்ட் தரும். கணக்கு எளிது: 6.28, அதிர்வெண், சுற்று எண்ணிக்கை, சதுர மீட்டரில் பரப்பு, டெஸ்லாவில் காந்தப்புலம், ஐந்தையும் பெருக்க வேண்டும். அதிர்வெண்ணும் பெருக்கலில் இருப்பதைக் கவனியுங்கள். அதே வலுவுள்ள புலம் 150 ஹெர்ட்ஸில் மூன்று மடங்கு மின்னழுத்தம் தரும். திரையில் 50உம் 150உம் சம உயரமாகத் தெரிந்தால், 150இன் உண்மையான புலம் மூன்றில் ஒரு பங்குதான்.

கணினியைத் தயார் செய்தல்

விண்டோஸில் ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்லது. ஆடாசிட்டியில் பதிவு செய்து அப்புறம் பார்த்தாலும் சரிதான். மாதிரி வேகம் (sample rate) 48,000 ஹெர்ட்ஸ் வையுங்கள். அதில் பாதி, அதாவது 24,000 ஹெர்ட்ஸ் வரை தெரியும். அதிர்வெண் அலசலை (FFT) 65,536 புள்ளிக்கு வைத்தால் 0.73 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்துக் காட்டும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு என்று கணினியில் என்ன இருந்தாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரைச்சலை அளக்க வந்த இடத்தில் இரைச்சல் நீக்கி நமக்கு எதிரி. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சுருளைக் கணினியிலிருந்து கேபிள் விடுகிற அளவு தள்ளி வையுங்கள். முதலில் சுருளைக் கழற்றி அந்த இடத்தில் 15 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு இரண்டு நிமிடம் பதியுங்கள். இதுதான் உங்கள் சவுண்ட் கார்டின் சொந்த இரைச்சல். இதை வைத்திருக்காதவர், கார்டு போடும் சத்தத்தைக் காற்றிலிருந்து வந்ததாக நினைத்து ஏமாறுவார். பிறகு சுருளைப் போட்டு, அலையின் உச்சி வெட்டுப்படாத அளவுக்கு ஒலிவாங்கி அளவைக் குறையுங்கள். வெட்டுப்பட்டால் இல்லாத அதிர்வெண்கள் எல்லாம் திரையில் முளைக்கும். ஒரு முறை வைத்த அளவைப் பிறகு மாற்றாதீர்கள்.

திரை டெசிபலில் காட்டும். 6 டெசிபல் ஏறினால் இரு மடங்கு, 20 ஏறினால் பத்து மடங்கு. மைக்ரோடெஸ்லாவாக மாற்ற வேண்டுமா, மீட்டரையும் சுருளையும் ஒரே இடத்தில் வைத்து, பலமான இடம், நடுத்தரம், பலவீனம் என மூன்று இடத்தில் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டுவது எல்லாத் திசையும் சேர்ந்த அளவு, சுருள் பிடிப்பது ஒரு திசை மட்டும். ஆகவே சுருளைத் திருப்பி, மிக அதிகமாக வரும் நிலையில் ஒப்பிடுங்கள்.

திரையைப் படிப்பது

முதலில் 50 ஹெர்ட்ஸில் ஒரு தூண் நிற்கும். அதன் பக்கத்தில் 100, 150, 250, 350 என்று வரிசையாகக் குட்டித் தூண்கள். அந்தக் குட்டிகள்தான் கதை சொல்கின்றன. 150 உயர்ந்து நின்றால் தொலைக்காட்சி, எல்இடி விளக்கு, கணினி போன்ற வீட்டுச் சாதனங்களைச் சந்தேகப்படுங்கள். பல வீடுகளின் இந்த 150 ஹெர்ட்ஸ், நியூட்ரல் கம்பியில் ஒன்றுடன் ஒன்று சேர்ந்துகொள்ளும் குணமுடையது. 150 அடங்கி, 250உம் 350உம் உயர்ந்து, மேலே 550, 650 என்று தொடர்ந்தால் அது மூன்று ஃபேஸ் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஆலைப் பக்கமோ பெரிய நீர் பம்ப் பக்கமோ பாருங்கள். கிரைண்டர் ஓடும்போது 50 ஏறும், மற்றவை பெரிதாக மாறாது. தோசை மாவு அரைக்கும் நேரம் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டு அளந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் இன்னும் இரண்டு ஒலிகள் உண்டு. ஒன்று ரயில். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டைத் தண்டவாளத்தில் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி ஓடுகிறது. 2015இல் இடிஎஸ் என்ற மின்சார ரயில் இந்தப் பாதையில் வடக்கே நீண்டது. வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பி வேகம் எடுக்கும்போது 50உம் அதன் ஒற்றைப்படை மடங்குகளும் சட்டென்று ஏறி, சில நிமிடத்தில் இறங்கும். வேலிக்கு வெளியே நின்றோ, பயணிகள் மேடையில் மீட்டரைப் பிடித்தோ பார்க்கலாம். தண்டவாளத்துப் பக்கம் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்று மின்வேலி. காட்டுப் பன்றிக்கும் யானைக்கும் பயந்து செம்பனை வைத்திருப்பவர்கள் போடும் வேலி, விநாடிக்கு ஒரு முறை போல 'டிக்' என்று ஒரு துடிப்பை விடும். ஹெட்போன் மாட்டிக் கேட்டால் கடிகாரம்போல் ஒலிக்கும். திரையில் எல்லா அதிர்வெண்ணிலும் மெல்லிய கோடாகத் தெரியும். செடி வளர்ந்து வேலியைத் தொட்டு ஒழுகும்போது அந்த டிக்கோடு ஒரு கரகரப்பும் சேர்ந்து வரலாம். அப்படிக் கேட்டால் வேலிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்கும் உதவி.

சுருளைத் திருப்பினால் இரைச்சல் வரும் திசையும் தெரியும். கம்பி ஒன்று பக்கத்தில் போனால், சுருளும் அந்தக் கம்பியும் ஒரே தளத்தில் இருந்து, சுருளின் விளிம்பு கம்பியைப் பார்க்கும்போது சத்தம் அதிகம். எந்த நிலையில் மிகக் குறைகிறதோ அதைத் துல்லியமாகப் பிடிப்பது எளிது. அந்தக் குறைந்த நிலையை இரண்டு இடத்தில் குறித்து, ஒவ்வோர் இடத்திலும் சுருளின் தளத்துக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் மூலத்தை நெருங்கலாம்.

இடியும் கடலுக்கு அப்பாலும்

மலேசியாவின் மேற்குக் கரையில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் எங்காவது இடி இடிக்கும். பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வானம் கறுத்தால் சுருளைக் கழற்றி உள்ளே வந்துவிடுங்கள். வெளியே அளக்கும் வேலையைக் காலையில், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது என் வழக்கம். மின்கம்பத்தின் கீழே நீளமான கழியைத் தூக்குவது, துணை மின்நிலைய வேலியை ஒட்டிக் கம்பி இழுப்பது, இவை இரண்டும் எந்த நேரத்திலும் வேண்டாம்.

தூரத்து மின்னல் பாதுகாப்பானது, அழகானதும்கூட. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டும் மின்னல்கூட 'கரக், கரக்' என்று விழும். இரவில் அதுவே 'டியூ' என்று இறங்கும் சின்னக் கூவலாக மாறும். தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் (உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) நடுவே அலை மோதி மோதி வருவதால் ஏற்படும் ஒலி அது. ஏறத்தாழ 1,700 ஹெர்ட்ஸில் அந்தக் கூவல் நின்றுவிடும். அந்த மண்டலம் இரவில் கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அந்த எண். வடக்கத்திய நாடுகளில் கேட்கும் நீண்ட விசில் ஒலியை இங்கே எதிர்பார்க்காதீர்கள்; காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 1952இல் சூமன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் கணக்கிட்டு முன்கூட்டிச் சொன்ன, பின்னால் 7.83 ஹெர்ட்ஸ் அளவில் அளக்கப்பட்ட பூமி அதிர்வும் இந்தச் சுருளுக்கு எட்டாது.

ஆனால் 18,200 ஹெர்ட்ஸைப் பாருங்கள். ஊர் அடங்கிய பிறகு, வீட்டு விளக்குகளை அணைத்து, திடல் நடுவில் சுருளை நிறுத்தி, அதன் விளிம்பு மேற்குப் பக்கம் நோக்கும்படி வைத்து, மூன்று நிமிடம் சராசரி எடுத்தால் ஒரு மெல்லிய தூண் நிற்கும். அது திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற இந்தியக் கடற்படை நிலையம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. இங்கிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர். தாத்தா கப்பலேறி வந்த சீமையிலிருந்து வரும் அலையை, மோட்டார் கடைக் கம்பியில் கையால் சுற்றிய சுருள் பிடிக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லா நேரமும் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். கிடைக்காவிட்டால் 19,800இல் ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப் நிலையத்தைத் தேடுங்கள். சுருளின் விளிம்பை அதற்குத் தெற்கு-தென்கிழக்கு நோக்கித் திருப்புங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் உங்கள் சுருள் சரியாக வேலை செய்கிறது. ஊருக்குள் எந்தத் தெருவில் இவை இரைச்சலில் மூழ்கிப்போகின்றன என்று பார்த்தால், இரைச்சல் வரைபடம் ஒன்றே போட்டுவிடலாம்.

எண்ணை எதோடு ஒப்பிடுவது

பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா என்பது அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு (ICNIRP) 2010இல் சொன்ன எல்லை. அது உடனடி விளைவுகளைத் தடுப்பதற்கான எண். இன்னொரு பக்கம், 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததுதான் காரணம். காந்தப்புலம்தான் அதைச் செய்கிறது என்று நிரூபணம் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொல்லி யாரையும் பயமுறுத்தவோ சமாதானப்படுத்தவோ கூடாது. முடி உலர்த்தும் கருவி தலைக்கு 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2,000 மைக்ரோடெஸ்லா வரை தரும், ஒரு மீட்டரில் 0.3க்குக் கீழே போய்விடும். ஐந்து நிமிடம் பிடிக்கும் பொருள் வேறு, எட்டு மணி நேரம் தலை வைத்துப் படுக்கும் இடம் வேறு. அதனால் கட்டிலில் தொடங்குங்கள்.

நோட்டில் தேதி, நேரம், இடம், தரையிலிருந்து உயரம், எது ஓடியது, எது ஓடவில்லை, எண், இவ்வளவும் எழுதுங்கள். வாரத்தில் ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும், காலையும் இரவும் அளந்தால் நல்லது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் நேரத்துக்கு நேரம் மாறும்.

அக்கா வீட்டில் நாங்கள் அளந்தது இப்படி. இரவு ஒன்பது மணி, ஏர்கோன் ஓடுகிறது, தலைமாட்டில் 0.8. மெயினை அடைத்தோம்: 0.09. ஆகவே தோட்டத்துக் கம்பியும் வெளியில் உள்ள மற்றவையும் சேர்ந்து அந்த அறைக்குத் தருவது அந்த 0.09தான். மெயினைத் திறந்து, மீட்டரைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினோம். ஓரிடத்தில் எண் துள்ளியது. சுவருக்கு மறுபக்கம், முன் வாசலில், மீட்டர் பெட்டி. அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளினால் 0.14. கட்டிலின் தலையை எதிர்ச் சுவருக்குத் திருப்பிப் போட இருவருக்குப் பத்து நிமிடம் ஆனது. அடுத்த நாள் இரவு, ஏர்கோன் ஓடும்போதே, புதிய தலைமாட்டில் அளந்து அக்காவே நோட்டில் எழுதினார்: 0.11.